மரப்பெட்டியே போதும்

திருவண்ணாமலை
20-1-1962

சிரஞ்சீவி தம்பி அப்பாதுரைக்கு அக்கா ஆதிலட்சுமி ஆசீர்வதித்து எழுதுவது. நான் சுகம். நீயும் சந்திரகலாவும் குழந்தையும் பெங்களூர் போய்ச் சேர்ந்த சேதிக்குக் காத்திருக்கிறேன். வழியில் குழந்தைக்குக் குளிர் தாங்கியதா? பொங்கலுக்கு நீங்கள் வந்து போன பிறகு வீடு பெரிதாகிவிட்ட மாதிரி இருக்கிறது.

நீ இருந்தபோது சொல்ல நினைத்து விட்டுப்போனது கோழி விஷயம். ஏழு பெட்டையும் இப்போது முட்டையிடுகின்றன. எங்கே இடுகின்றன என்பதுதான் தெரியவில்லை. ஒன்று வேலி முள்ளுக்குள் போகிறது. ஒன்று பக்கத்து வீட்டுச் சக்கரபாணியின் வைக்கோல் போரில். கருப்பிக்கு நாளுக்கு ஒரு இடம். நேற்று விறகு அடுக்கைப் பிரித்தேன், அடியில் ஒரு குவியல் கிடக்கிறது. பாதி கூமுட்டை, மீதியில் கீரி வாய் வைத்திருக்கிறது. சக்கரபாணி பெண்டாட்டியிடம் போர் விஷயத்தைக் கேட்டேன். "எங்க கோழியும்தான் அங்க இடுது. எந்த முட்டையில பேரு எழுதியிருக்குது?" என்கிறாள்.

உனக்குத் தெரியும், நம் ஊரில் கோயிலைச் சுற்றின தெருக்களில் முட்டைக் கூடையை வெளியே காட்ட முடியாது. ஆஸ்பத்திரி நர்சம்மாக்கள் மட்டும்தான் எனக்கு வாடிக்கை. தவறாமல் கொடுக்காவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். நீ கோழிப்பண்ணையில் வேலை செய்கிறவன். அங்கே எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எப்படி இட வைக்கிறார்கள் என்று விவரமாக எழுது. கிணற்றோரச் சுவரை ஒட்டிச் செங்கல்லில் வரிசையாகப் பொந்து கட்டித் தருகிறேன் என்று கொத்தனார் இருசப்பன் சொல்கிறான். கட்டட்டுமா? அப்படியே சமையல்கட்டு ஓடுகளையும் பிரித்து மாற்றச் சொல்லவா? தாலி இழந்து வந்த நாளிலிருந்து நான் பெருக்கி மெழுகுகிற வீடுதான். இருந்தாலும் அப்பா உன் பேரில் எழுதியது. உன்னைக் கேட்காமல் ஒரு கல்லை வைப்பது முறையில்லை.

குழந்தைக்கு என் முத்தம்.

அக்கா,
ஆதிலட்சுமி


பெங்களூர்
11-2-1962

அன்புள்ள அக்காவுக்கு அப்பாதுரை வணங்கி எழுதுவது. இங்கே மூவரும் நலம். உன் கால்வலி எப்படி இருக்கிறது?

செங்கல் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதே. மரப்பெட்டியே போதும். மளிகைக் கடையில் தேயிலை வந்த பழைய பெட்டி கேட்டால் கொடுப்பார்கள். பெட்டை உள்ளே திரும்பி உட்காருகிற அகலம் இருந்தால் சரி. முன்பக்கம் அடியில் நாலு விரல் உயரத்துக்கு ஒரு பலகையை அடித்துவிடு, வைக்கோல் வெளியே சரியாது. தரையில் வைக்காமல் முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கி மேலே வை. உன் ஏழு கோழிக்கு இரண்டு பெட்டி தாராளம். கோழி மறைவையும் இருட்டையும் தேடித்தான் முள்ளுக்குள் போகிறது. அந்த மறைவைப் பெட்டியில் கொடுத்தால் பெட்டிக்கு வரும்.

மரப்பெட்டியில் இன்னொரு சௌகரியம், எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். கட்டிவிட்டால் கட்டினதுதான்.

பண்ணையில் வேலை ஜாஸ்தி. சந்திரகலா உன்னை விசாரித்தாள்.

தம்பி,
அப்பாதுரை


திருவண்ணாமலை
4-3-1962

சிரஞ்சீவி அப்பாதுரைக்கு அக்காவின் ஆசி. கால்வலி கொஞ்சம் கம்மி. வெயில் இப்போதே ஏறிவிட்டது. பகலெல்லாம் சூடு வாங்கிய மலை, பொழுது சாய்ந்த பிறகு அதைத் திருப்பித் தருகிறது.

நீ சொன்னபடியே இரண்டு பெட்டி வாங்கி, பலகை அடித்து, வைக்கோல் போட்டுக் கிணற்றோரம் வைத்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி ஒவ்வொன்றாக வந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் போய்விடுகின்றன. கருப்பி மட்டும் பெட்டி மேல் ஏறி நின்று எச்சம் போட்டாள். பகலில் மதிக்காத பெட்டியில் ராத்திரி இரண்டு போய்ப் படுத்துக்கொண்டு வைக்கோலை நாசம் செய்கின்றன. முட்டை மட்டும் பழையபடி போரிலும் முள்ளிலும். சக்கரபாணி பெண்டாட்டி சிரிக்கிறாள்.

என் வீட்டுக்காரரின் தங்கை வேதா, கீழ்பென்னாத்தூரிலிருந்து சந்தைக்கு வந்தவள், என்னைப் பார்க்க வந்தாள். "அண்ணி, கெணத்தாண்ட எடம் சும்மா கெடக்குதே. தென்னங்கன்னு ஒண்ணு கொண்டாந்து தரேன், வையுங்க" என்றாள். வைக்கலாம் என்று இருக்கிறேன். அது காய்க்கும்போது உன் மகளுக்குக் கல்யாண வயசு வந்திருக்கும்.

சமையல்கட்டு ஓடு மாற்றுவதைப் பற்றிக் கேட்டிருந்தேன். மறந்துவிட்டாய் போலிருக்கிறது. அதற்கும் சேர்த்துப் பதில் எழுது.

ஆதிலட்சுமி


பெங்களூர்
25-3-1962

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். உன் கடிதத்தைச் சந்திரகலாவுக்குப் படித்துக் காட்டினேன். கருப்பி செய்ததைக் கேட்டுச் சிரித்தாள்.

கோழிக்குப் புதுப் பழக்கம் வர நாளாகும். நீ பொறுமையாக இதைச் செய். காலையில் திறந்துவிடாதே. வெயில் நன்றாக ஏறும்வரை பெட்டி இருக்கிற இடத்திலேயே கீற்றுத் தட்டி வைத்து அடைத்து வை. முட்டை பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் வரும். பெட்டி வாசலில் பாதி மறைகிற மாதிரி கோணிச் சாக்கு தொங்கவிடு. உள்ளே முட்டை வடிவத்தில் கூழாங்கல் பொறுக்கிச் சுண்ணாம்பு அடித்து வை. வேறொரு கோழி ஏற்கெனவே இட்டிருக்கிறது, இது பத்திரமான இடம் என்று நினைத்துக்கொண்டு அதுவும் உட்காரும். ராத்திரி படுக்கப் பெட்டியைவிட உயரத்தில் ஒரு கழி கட்டு. இருட்டுவதற்கு முன் பெட்டி வாசலை மூடிவிடு. விறகு அடுக்கின் சந்துகளையும் வேலி ஓட்டையையும் முள்ளால் அடை. பழைய இடம் போனால்தான் புது இடம் பிடிக்கும்.

தென்னங்கன்று இந்த வருஷம் வேண்டாம். ஓடு பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வேதா வீட்டில் இப்போது யார் யார் இருக்கிறார்கள்? அவர்கள் கொல்லை பெரிதுதானே? உன்னை வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிடுகிறாளா?

அப்பாதுரை


திருவண்ணாமலை
19-4-1962

என் தம்பி அப்பாதுரை நோயில்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று அக்கா எழுதுவது. இன்று சந்தோஷத்தில் கை எழுதுகிறது, எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

மொண்டிக்கால் பெட்டைதான் முதலில் போனது. கொக் கொக் என்று கேறிக்கொண்டு தட்டியை மூன்று சுற்றுச் சுற்றியது. சாக்கை அலகால் இழுத்துப் பார்த்தது. உள்ளே போய்ச் சுண்ணாம்புக் கல்லை ஒரு கொத்து கொத்தியது. நான் கிணற்றடியில் குடத்தைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன், சத்தம் செய்தால் ஓடிவிடுமே என்று. வைக்கோலைக் காலால் வாரி, உடம்பை அழுத்தி உட்கார்ந்தது. பிறகு எழுந்து ஊரைக் கூட்டியது. கையை விட்டால் கல்லுக்குப் பக்கத்தில் சூடாக ஒரு முட்டை. மறுநாள் இன்னும் இரண்டு போயின. இப்போது கருப்பியையும் இன்னொன்றையும் தவிர எல்லாம் பெட்டிக்குத்தான். இரண்டு பெட்டி இருக்கிறது, ஆனால் எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டிதான் வேண்டும். ஒன்று உள்ளே இருக்கும்போது இரண்டு வாசலில் காத்து நிற்கின்றன. ஆஸ்பத்திரிக்குத் தவறாமல் கூடை போகிறது. நர்சம்மா ஒருத்தி, "இப்பத்தான் புது முட்டை சாப்பிடறோம்" என்றாள். என் தம்பி பெங்களூரிலிருந்து எழுதிச் சொல்லிக்கொடுத்தது என்று சொன்னேன்.

வேதா வீட்டில் அவளும் அவள் வீட்டுக்காரரும்தான். கொல்லை நம்முடையதைப் போல இரண்டு மடங்கு. எப்போதும் கூப்பிடுகிறாள். என் வீட்டை விட்டுவிட்டு நான் எங்கே போகிறது?

பொங்கலுக்கு உன்னோடு வந்து காபி குடித்தாரே உன் சிநேகிதர் கண்ணாயிரம், அவர் போன வாரம் வந்தார். "இந்தப் பக்கம் வந்தேங்க, அப்டியே பாத்துட்டுப் போலாம்னு" என்றார். கிணற்றில் கல்லைப் போட்டு ஆழம் பார்த்தார். தண்ணீர் கோடையிலும் நிற்குமா என்று கேட்டார். மோர் கொடுத்தேன். நல்ல மனிதராகத் தெரிகிறார், பெண்டாட்டி பிள்ளைகளைப் பற்றியே பேசினார்.

நீயும் சந்திரகலாவும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆதிலட்சுமி


திருவண்ணாமலை
27-5-1962

சிரஞ்சீவி அப்பாதுரைக்கு. உன்னிடமிருந்து சித்திரை முழுக்கக் கடிதம் இல்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லையோ, உனக்குத்தான் ஏதாவதோ என்று மனசு அடித்துக்கொள்கிறது. ஒரு கார்டாவது போடு.

போன வாரம் கோடை மழை கொட்டித் தீர்த்தது. சமையல்கட்டில் அடுப்புக்குள்ளேயே தண்ணீர் ஒழுகியது. நீ பிறகு பார்க்கலாம் என்று எழுதியிருந்தாய். எனக்குப் பொறுக்கவில்லை. முட்டை விற்ற காசில் இருசப்பனை வைத்து ஓட்டை மாற்றிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே. நீ வந்து பார்த்தால் சந்தோஷப்படுவாய், மழை பெய்தால் இப்போது சத்தம்தான் உள்ளே வருகிறது.

கருப்பியும் பெட்டிக்குப் போய்விட்டாள். அவளை வழிக்குக் கொண்டுவந்த கதையை நீ வரும்போது சொல்கிறேன்.

அக்கா ஆதிலட்சுமி


பெங்களூர்
8-6-1962

அக்காவுக்கு வணக்கம். எல்லாரும் நலம். வேலை மும்முரத்தில் எழுத முடியவில்லை.

ஓட்டுக்கு ஏன் செலவு செய்தாய்? இருக்கட்டும் என்று எழுதியிருந்தேனே. உன் கையில் இருந்ததை வைத்திருந்தால் உனக்கு உதவியிருக்கும்.

வேதா வீட்டில் விதைக்கடலை உடைக்கிற சமயம் இது. கூடமாட இருந்தால் அவளுக்கும் ஒத்தாசை, உனக்கும் மாறுதல். ஒரு மாதம் இருந்துவிட்டு வா. கோழிகளை யாரிடமும் விட்டுவிட்டுப் போகாதே, கையோடு கொண்டுபோ. பெட்டிகளையும் எடுத்துப் போ. பழகின கோழிக்குத் தன் பெட்டி எங்கே இருக்கிறதோ அதுதான் இடம். இரண்டு நாள் பெட்டியோடு சேர்த்து அடைத்து வைத்தால் அங்கேயே இடத் தொடங்கிவிடும். இது நடக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுது.

அப்பாதுரை


கீழ்பென்னாத்தூர்
1-7-1962

சிரஞ்சீவி அப்பாதுரைக்குக் கீழ்பென்னாத்தூரிலிருந்து அக்காவின் ஆசீர்வாதம். இங்கே வேதாவும் அவள் வீட்டுக்காரரும் சௌக்கியம். நானும் நாலு சுற்று சதை போட்டிருக்கிறேன், வேதா கையால் அப்படிச் சாப்பாடு.

நீ சொன்னபடியே புறப்பட்டு வந்தேன். கோழிகளைக் கூடையில் போட்டு வலை கட்டி, பெட்டிகளைப் பஸ் மேலே ஏற்றச் சொன்னால் கண்டக்டர் சண்டைக்கு வந்தான். "கோழிக்கு யாரும்மா டிக்கெட் எடுக்கிறது?" என்றான். "எறங்கறதுக்குள்ள முட்டை வெச்சா உனக்கே தரேன், ஏத்துப்பா" என்றேன். பஸ்ஸே சிரித்தது. அவனும் ஏற்றிவிட்டான்.

கொல்லையில் பெட்டிகளை வைத்து இரண்டு நாள் அடைத்தேன். மூன்றாம் நாள் மொண்டிக்கால் போய் உட்கார்ந்தது. கருப்பிகூட நேராகத் தன் பெட்டிக்குத்தான் போனாள். வேதாவால் நம்ப முடியவில்லை. "ஊரு மாறினாலும் பொட்டி மாறலன்னா போதும்னு இருக்குதுங்க போல" என்றாள். நீ எழுதியது அப்படியே நடந்தது. உன்னைப் பற்றி இந்தத் தெருவில் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லி வைத்திருக்கிறேன். தெருப் பெண்கள் வந்து பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

உடைத்த கடலை எல்லாம் விதைத்தாயிற்று. ஆடி பிறந்ததும் வீட்டுக்குத் திரும்புகிறேன். விளக்கு ஏற்றாமல் வீடு கிடப்பது மனசுக்கு ஒரு மாதிரி இருக்கிறது.

ஆதிலட்சுமி


கீழ்பென்னாத்தூர்
23-7-1962

அப்பாதுரைக்கு,

உடம்பு சுகம் கேட்டு எழுத இன்று வார்த்தை வரவில்லை. நடந்ததை எழுதுகிறேன்.

கோழிகளை வேதாவிடம் விட்டுவிட்டு, வீட்டைப் பெருக்கி வைக்கலாம் என்று நான் மட்டும் முதலில் திருவண்ணாமலைக்குப் போனேன். வாசலில் வேறு பூட்டு. கொல்லைச் சுவரை இடித்து வண்டி உள்ளே போய் நிற்கிறது. ஆட்கள் கிணற்றடியில் சுண்ணாம்பு குழைத்துக்கொண்டிருந்தார்கள். நான் வீடு மாறி வந்துவிட்டேனோ என்று ஒரு நிமிஷம் தெருவைத் திரும்பிப் பார்த்தேன். நிஜமாகவே பார்த்தேன், அப்பாதுரை.

கண்ணாயிரம் கொல்லைப் பக்கமிருந்து வந்தார். என்னைக் கண்டதும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். "வாங்கம்மா. ஏதாச்சும் விட்டுட்டுப் போயிட்டீங்களா?" என்றார். அவரே மேலே பேசினார்: "உங்க தம்பி வைகாசியிலயே ரிஜிஸ்டர் பண்ணிக் குடுத்துட்டாருங்க. அக்காவே வூட்டை வித்துடுன்னு சொல்லிடுச்சு, நாத்தனார் வூட்டோட போய் இருந்துடப் போவுது, ஆனியில காலி பண்ணிடும்னாரு. அதான் நானும் வேலைய ஆரம்பிச்சேன். ஏங்க, உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும்" என்று சொன்னேன். அந்நிய மனிதரிடம் உன்னைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. "தெரியுங்க, சும்மா ஒரு தரம் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றேன். அவர் மனைவி உள்ளேயிருந்து மோர் கொண்டுவந்து கொடுத்தாள். என் சமையல்கட்டிலிருந்து. குடித்துவிட்டு வந்தேன்.

சக்கரபாணி பெண்டாட்டி என்னைக் கையைப் பிடித்து அவள் வீட்டுக்குள் இழுத்துக்கொண்டாள். என் பாத்திரம், பெட்டி, அப்பா படம் எல்லாம் அங்கே அடுக்கி வைத்திருந்தாள். ஆட்கள் தெருவில் எடுத்துப் போட்டபோது அவளே சுமந்து கொண்டுபோய் வைத்தாளாம். "பொங்கலுக்கே உன் தம்பி அந்த ஆளோட நின்னு எங்க வூட்டுச் சுவர் வரைக்கும் அளந்துட்டுப் போச்சே. உனக்குத் தெரிஞ்சுதான் எல்லாம் நடக்குதுன்னு நெனைச்சேன்" என்றாள். என்னோடு முட்டைக்குச் சண்டை போடுகிறவள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில்தான் ஒவ்வொன்றாகப் புரிந்தது. செங்கல் வேண்டாம், மரப்பெட்டியே போதும், தூக்கிக்கொண்டு போகலாம் என்று எழுதினாய். தென்னங்கன்று வேண்டாம் என்றாய். வேதா கொல்லை பெரிதா என்று கேட்டாய். பழைய இடம் போனால்தான் புது இடம் பிடிக்கும் என்றாய். என் கோழிகள் போய் இருக்க இடம் தேடிக் கொடுத்திருக்கிறாய். அவற்றின் மேல் அத்தனை கரிசனம் வைத்தவனுக்கு என்னிடம் ஒரு வரி எழுத முடியவில்லை. தையிலிருந்து நீ எழுதின ஒவ்வொரு கடிதத்தையும் நான் கண்ணில் ஒற்றிக்கொண்டு படித்தேன்.

வீடு உன்னுடையது. விற்றுக்கொள்ள உனக்கு உரிமை உண்டு. ஆதி இருக்கிற வரைக்கும் அவள் இங்கேதான் இருப்பாள் என்று அப்பா உன் கையைப் பிடித்துச் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றேன். அதையும் இப்போது பேசவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். நானே விற்கச் சொன்னதாக நீ சொன்னாயா? அல்லது கண்ணாயிரம் தன் வசதிக்கு அப்படிச் சொல்கிறாரா? அவர்தான் சொல்கிறார் என்று வேதாவிடம் சொல்லியிருக்கிறேன். இதற்கு மட்டும் பதில் எழுது.

ஆதிலட்சுமி


பெங்களூர்
12-8-1962

அன்புள்ள அக்காவுக்கு அப்பாதுரை வணக்கம். உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. எடுத்து எடுத்து வைத்துவிட்டேன்.

இங்கே ஒரு மனை வந்தது. இப்போது விட்டால் இனி இந்த ஊரில் எங்களால் வாங்க முடியாது. சந்திரகலாவும் எத்தனை வருஷம்தான் வாடகை வீட்டில் தண்ணீருக்கு வரிசையில் நிற்பாள். நீ அங்கே தனியாக இருப்பது எனக்கு எப்போதும் கவலைதான். வேதா உன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள், அதனால் நிம்மதி. நீ இங்கே வந்து எங்களோடு இருக்க வேண்டும் என்றுதான் ஆசை. இப்போதைக்கு இருப்பது ஒரே அறை. வீடு எழும்பட்டும், உனக்கு என்று ஒரு இடம் இல்லாமலா போகும்.

மழைக்காலம் வருகிறது. கோழிகளுக்குக் கிளிஞ்சலை இடித்துத் தீவனத்தோடு கலந்து வை, முட்டை ஓடு கெட்டியாகும். பெட்டி வைக்கோலை அடிக்கடி மாற்று. வேப்பிலை போட்டால் பேன் அண்டாது.

பதில் எழுது அக்கா.

அப்பாதுரை


பெங்களூர்
16-12-1962

அன்புள்ள அக்காவுக்கு,

புரட்டாசியில் ஒன்றும் ஐப்பசியில் ஒன்றும் கடிதம் போட்டேன். பதில் இல்லை. உனக்கு உடம்பு நன்றாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

தீபத்துக்கு நான் மட்டும் வந்திருந்தேன். சத்திரத்தில் இடம் கிடைக்கவில்லை, கோயிலுக்கு வெளியே கூட்டத்தோடு கூட்டமாக இருந்தேன். மறுநாள் காலை பஸ் பிடித்துக் கீழ்பென்னாத்தூருக்கு வந்தேன். நீ கடலைக் கொல்லைக்குப் போயிருப்பதாக வேதா சொன்னாள். பஸ் வருகிற வரைக்கும் உனக்காகக் காத்திருந்தேன். கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தேன். கோழிகள் நன்றாக இருக்கின்றன. பெட்டியில் ஒன்று உட்கார்ந்திருந்தது. நான் எழுதின மாதிரியே எல்லாம் செய்திருக்கிறாய்.

சந்திரகலா கொடுத்தனுப்பிய புடவையை வேதாவிடம் வைத்திருக்கிறேன். உடுத்திக்கொள். உன்னைப் பார்க்காமல் வந்தது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. வேதா சரியாகப் பேசவில்லை. நான் வந்ததை உன்னிடம் சொன்னாளோ இல்லையோ என்றுதான் இதை எழுதுகிறேன்.

உன் தம்பி,
அப்பாதுரை


கீழ்பென்னாத்தூர்
24-12-1962

திரு. அப்பாதுரை அவர்களுக்கு ஆதிலட்சுமி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம்.

வேதாமேல் குறை நினைக்க வேண்டாம். நான் சொல்லச் சொன்னதைத்தான் அவள் உங்களிடம் சொன்னாள். நான் கடலைக் கொல்லைக்குப் போகவில்லை. நீங்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் உள்ளறையில் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவில் வருவதை ஜன்னலில் பார்த்தேன். இளைத்துப் போயிருந்தீர்கள். பார்த்ததும் அடுப்படிக்கு ஓடி உங்களுக்கும் சேர்த்து அரிசி அளந்துவிட்டேன். அளந்த பிறகுதான் கை நின்றது. வேதாவிடம் சொல்லிவிட்டு அறைக்குள் போனேன்.

ஆடி மாதம் உங்களிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தேன். நீங்கள் அதற்குப் பதில் எழுதவில்லை. வெட்கப்பட்டுக்கொண்டு எழுதவில்லை என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். மனை, வாடகை, சந்திரகலாவின் கஷ்டம் எல்லாம் எனக்குப் புரிந்தது. அவசரத்தில் விற்றான், முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாமல் ஒளித்தான், அவ்வளவுதான் என்று வேதாவிடம் எத்தனையோ தடவை வாதாடியிருக்கிறேன். நான் விற்கச் சொன்னதாகச் சொன்னது கண்ணாயிரம் கட்டின கதை, அது என் தம்பி வாயிலிருந்து வந்திருக்காது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் ஒரு நாளும் நம்பவில்லை. எனக்காகச் சரி சரி என்பாள்.

அன்று நீங்கள் தண்ணீர் கேட்டுக் குடித்தீர்கள். "அக்கா நல்லா இருக்குதா? வேளைக்குச் சாப்புடுதா?" என்று கேட்டீர்கள். அந்தக் குரலைக் கேட்டதும் தாழ்ப்பாளில் கை வைத்துவிட்டேன். அதற்குள் வேதா கேட்டாள்: "அண்ணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வித்திருக்கக் கூடாதுங்களா?"

நீங்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அழுகிறீர்களோ என்று நினைத்தேன். அப்படியே பேசாமல் இருந்திருந்தால்கூட நான் கதவைத் திறந்திருப்பேன். நீங்கள் சொன்னீர்கள்: "சொல்லாம இருப்பனாம்மா? அக்காவேதான் எழுதிச்சு, தனியா இருக்க பயமா இருக்குது, வித்துடுன்னு. இப்ப மனசு மாறிடுச்சு, அதனால மாத்திச் சொல்லிக்கினு இருக்குது. வயசாவுது இல்ல."

தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துவிட்டேன். நான் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

நீங்கள் போன பிறகு வேதா உள்ளே வந்தாள். அளந்து வைத்திருந்த அரிசியில் ஒரு பங்கைத் திரும்பப் பானையில் கொட்டப் போனாள். "இருக்கட்டும் வேதா, எல்லாத்தையும் போடு. நாமளே சாப்புடலாம்" என்றேன். இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

புடவையை இன்று பார்சலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கோழிகளுக்கு என்ன செய்வது என்று இனி எழுத வேண்டாம். என்னைக் கேட்டுக்கொண்டு வருகிற பெண்களுக்குச் சொல்கிற அளவுக்கு எனக்கே தெரிந்திருக்கிறது. தை மாதம் வேதா வீட்டுக்குப் பின்னாலிருக்கிற மாட்டுக்கொட்டகையை ஒரு அறையாகத் தடுத்து எனக்குத் தருகிறார்கள். வேதா வீட்டுக்காரர் அதை என் பேருக்கே எழுதித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை.

சந்திரகலாவுக்கும் குழந்தைக்கும் என் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
ஆதிலட்சுமி